ஆற்றைத் திருப்பியவர்: கர்னல் பென்னிகுயிக்



தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். வழியெல்லாம் நெல் வயல்கள், தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள். கடைசியில் லோயர்கேம்ப். அங்கிருந்து மலைப்பாதை. பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் திடீரென்று எழுந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? மலை மேலிருந்து அடிவாரம் வரை இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும்!

அந்தக் குழாய்களுக்குள் பாய்ந்து வருவது பெரியாற்றுத் தண்ணீர். கீழே லோயர்கேம்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தில் அது டர்பைன் என்னும் சக்கரங்களைச் சுழற்றுகிறது. சக்கரம் சுழன்றால் மின்சாரம். வேலை முடிந்த தண்ணீர் வயலுக்குப் போகிறது. ஒரே தண்ணீர், இரண்டு வேலை!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. மேற்கே போக வேண்டிய தண்ணீர் கிழக்கே எப்படி வந்தது? அதைத் திருப்பிவிட்டவர் ஒரு பொறியாளர். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஏழு வயதில் விழுந்த இடி

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். அவர் ஆங்கிலேயப் படையில் பெரிய அதிகாரி.

1849-ஆம் ஆண்டு ஜனவரி 13. இன்று பாகிஸ்தானில் உள்ள சிலியன்வாலா என்ற இடத்தில் ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் கடும் போர். அந்தப் போரில் தந்தை இறந்தார். அதே நாளில், அதே களத்தில், 17 வயதே ஆன அண்ணன் அலெக்சாண்டரும் இறந்தார். அப்போது சிறுவன் ஜானின் எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள்கள்தான் இருந்தன. ஒரே நாளில் அப்பாவையும் அண்ணனையும் இழந்த அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் படிப்பு நிற்கவில்லை. இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், பிறகு அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியிலும் படித்தார். 1858-ல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1860-ல் இந்தியாவுக்கு வந்தார். அப்பாவும் அண்ணனும் துப்பாக்கி ஏந்தினார்கள். இவரும் ராணுவ உடைதான் போட்டார். ஆனால் இவர் கையில் இருந்தவை அளவுகோலும் வரைபடமும்!

நூறு ஆண்டுக் கனவு

பெரியாற்றைத் திருப்பும் யோசனை பென்னிகுயிக் மனத்தில் முதலில் தோன்றியது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதைப் பற்றி எண்ணினார். மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடக்கிறது. நடுவில் நிற்பது ஒரு மலை மட்டும்தானே என்று அவர் நினைத்தார். ஆனால் செலவுக்கு வழியில்லை.

1808-ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் வந்து மலையை ஆராய்ந்தார். இது நடக்காத காரியம், வெறும் கனவு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். 1850-ல் சின்ன அளவில் வேலை தொடங்கியது. காய்ச்சல் வந்து ஆள்கள் விழுந்தார்கள். கூலியும் கட்டுப்படியாகவில்லை. வேலை நின்றது. பிறகு ரைவ்ஸ், ஸ்மித் போன்ற பொறியாளர்கள் ஆளுக்கொரு திட்டம் தீட்டினார்கள். எல்லாம் காகிதத்தோடு நின்றன.

அப்போதுதான் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் உலுக்கியது. லட்சக்கணக்கான மக்கள் பசியால் மடிந்தார்கள். மதுரைச் சீமையும் தப்பவில்லை. இனியும் தாமதிக்கக் கூடாது என்று அரசு விழித்துக்கொண்டது. 1882-ல் திட்டத்தைச் சரிபார்த்துப் புதிதாக எழுதும் பொறுப்பு மேஜர் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1884-ல் அவருடைய திட்டம் ஏற்கப்பட்டது.

பெரியாறு ஓடும் மலைப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். பல ஆண்டுகள் பேச்சு நடந்த பிறகு, 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுகள், ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்பது ஏற்பாடு.

அணை என்ன செய்கிறது?

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அணை கட்டினால் அதன் மதகு வழியாகத்தான் தண்ணீர் வயலுக்கு வரும் என்று நாம் நினைப்போம். பெரியாறு அணை அப்படி அல்ல.

ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மேற்குப் பக்கச் சுவர் உடைந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் எல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடுகிறது. அந்த உடைப்பை அடைத்தால் என்ன ஆகும்? தொட்டியில் தண்ணீர் உயரும். இப்போது கிழக்குச் சுவரில், பாதிக்கு மேலே ஒரு துளை போடுங்கள். தண்ணீர் அந்தத் துளை வரை ஏறி, கிழக்கே கொட்டத் தொடங்கும். இல்லையா?

இதுதான் பென்னிகுயிக்கின் திட்டம். உடைப்பை அடைப்பது அணை. கிழக்குச் சுவர் தேக்கடியில் உள்ள மலை. துளை என்பது அந்த மலையைக் குடைந்த சுரங்கம். அதன் நீளம் ஒரு மைலுக்கும் மேல்! இன்றும் அணையில் 104 அடிக்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வர முடியும். அதற்குக் கீழே இருப்பது சுரங்கத்துக்கு எட்டாது.

ஆகவே, உயரத்தைக் கணக்கிடுவதில் தவறு நேர்ந்தால் அத்தனை உழைப்பும் வீண். அளவையும் கணக்கும்தான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

காடும் காய்ச்சலும் வெள்ளமும்

1887-ல் வேலை தொடங்கியது. அப்போது தேனிக்கு ரயில் கிடையாது. போடி ரயில் பாதையே 1928-ல்தான் வந்தது. மாட்டு வண்டிகளில் அடிவாரம் வரை வந்த பொருள்களை மலைக்கு மேலே ஏற்ற வேண்டும். பிறகு யானைகள் திரியும் அடர்ந்த காட்டுக்குள் கொண்டு போக வேண்டும்.

ராணுவத்தின் பயனியர் படை வீரர்களும், கொத்தர்களும், தச்சர்களும், கூலித் தொழிலாளர்களும் காட்டில் குடிசை போட்டுத் தங்கினார்கள். மழைக்காலம் வந்தால் பேய் மழை. மழை விட்டால் மலேரியா. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ரொனால்டு ராஸ் அதைக் கண்டுபிடித்ததே 1897-ல்தான். அதற்குள் இங்கே அணையே கட்டி முடிந்துவிட்டது! நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே அந்த மக்கள் அதோடு போராடினார்கள். 400-க்கும் அதிகமானவர்கள் நோயால் இறந்தார்கள். அணைக்கு அருகில் அவர்களை அடக்கம் செய்த இடம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பென்னிகுயிக்கை நினைக்கும்போதெல்லாம் அவர்களையும் நினைப்பது நம் கடமை.

வெள்ளமும் சும்மா விடவில்லை. ஆற்றுக்குள் அடித்தளம் போட வேண்டுமானால் முதலில் தண்ணீரை ஒதுக்க வேண்டும். அதற்காக மரத்தாலும் கல்லாலும் மண்ணாலும் தற்காலிக அணைகள் கட்டினார்கள். வெள்ளம் வந்தது. அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். மறுபடியும் வெள்ளம். ஒரு முறை அல்ல, பல முறை!

ஒவ்வொரு தடவையும் பென்னிகுயிக் என்ன செய்தார்? எந்த இடம் முதலில் பெயர்ந்தது, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று ஆராய்ந்தார். தோல்வியிலும் அவர் பாடம் படித்தார்.

சுண்ணாம்பும், சுர்க்கி எனப்படும் செங்கல் பொடியும் சேர்ந்த காரையில் கருங்கல்லை அடுக்கி அணை எழும்பியது. ஏறக்குறைய 1,200 அடி நீளம், அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெரியாறு முதன்முறையாகக் கிழக்கே திரும்பியது. வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் கலந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பென்னிகுயிக் தம் சொத்துகளை விற்று இந்த அணையைக் கட்டினார் என்று நம் ஊர்களில் ஒரு கதை வழங்குகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அணை அரசுப் பணத்தில்தான் கட்டப்பட்டது. அந்தக் கதை மக்களின் அன்பில் பிறந்தது. பணத்தைக் காட்டிலும் பெரியதாக அவர் கொடுத்தது தம் அறிவையும், தம் வாழ்க்கையின் நல்ல ஆண்டுகளையும். அந்தப் பெருமையே அவருக்குப் போதும்!

மாணவர், பிறகு ஆசிரியர்

அணை முடிந்ததும் பென்னிகுயிக் ஓய்ந்து உட்காரவில்லை. 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். இந்தியாவின் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைத் தயார் செய்த கல்லூரி அது. காட்டில் கற்ற பாடத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோனார் என்று சொல்லலாம். ஓர் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1897-ல் பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றை முழுக் கட்டுரையாக எழுதி, லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தில் அளித்தார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவர் படிக்கட்டும் என்று எழுதி வைத்தார். 1899-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை சொல்லவும் அவரை அழைத்தார்கள்.

1911-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், தம் 70-ஆவது வயதில், இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் அவர் காலமானார்.

டர்பைன் வந்த கதை

இப்போது அந்த நான்கு குழாய்களுக்குத் திரும்புவோம்.

1895-ல் தமிழ்நாட்டில் நீர்மின் நிலையமே கிடையாது. மைசூர் சமஸ்தானத்தில் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-ல்தான் வந்தது. நீலகிரியில் பைக்காரா 1932-ல் வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் 60 ஆண்டுகளுக்கு மேலாக மலையிலிருந்து சும்மா குதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குதிப்பில் இருந்த சக்தி வீணாகிக்கொண்டிருந்தது.

நாடு விடுதலை பெற்ற பிறகு நம் பொறியாளர்கள் இதைக் கவனித்தார்கள். மேலே தண்ணீரைத் தேக்கி, குழாய்களில் இறக்கி, டர்பைனை வைத்தார்கள். 1958-ல் லோயர்கேம்பில் மின் உற்பத்தி தொடங்கியது. 1965-ல் நான்காவது இயந்திரமும் சேர்ந்தது. ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140 மெகாவாட். பின்னாளில் இயந்திரங்களைப் புதுப்பித்து அந்தத் திறனைக் கூட்டினார்கள்.

நீர்மின்சாரத்துக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று தண்ணீரின் அளவு. மற்றொன்று அது விழும் உயரம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் சக்தி. ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது 1,000 லிட்டர், ஒவ்வொரு வினாடியும் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் இருக்கும் சக்தி 981 கிலோவாட். லோயர்கேம்பில் உயரம் 300 மீட்டருக்கும் மேல்! தண்ணீரைச் சேர்த்துத் தந்தது பென்னிகுயிக்கின் அணை. அதை மலைச்சரிவின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய சுரங்கம். மின்சாரம் எடுக்க வந்தவர்களுக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருந்தது.

காற்றிலும் ஓடும் சக்கரம்

டர்பைன் என்பது ஒரு பெரிய குடும்பம். தண்ணீர் தள்ளினால் நீர் டர்பைன். நீராவி தள்ளினால் நீராவி டர்பைன். சூடான வாயு தள்ளினால் அது எரிவாயு டர்பைன். பென்னிகுயிக்கின் திட்டம் ஏற்கப்பட்ட அதே 1884-ல்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் என்பவர் புதுவிதமான நீராவி டர்பைனைச் செய்தார். 1939-ல் சுவிட்சர்லாந்தின் நுசாட்டல் நகரில் ஊருக்கு மின்சாரம் தரும் எரிவாயு டர்பைன் ஓடியது. அதன் திறன் 4 மெகாவாட்.

எரிவாயு டர்பைன் எப்படி ஓடுகிறது? முதலில் வெளிக்காற்றை உறிஞ்சி இறுக்கமாக அழுத்துகிறது. அந்தக் காற்றில் எரிபொருளைக் கலந்து எரிக்கிறது. 1,000 டிகிரிக்கும் அதிகமான சூட்டில் வாயு சீறி வந்து சக்கரத்தின் இதழ்களைத் தள்ளுகிறது. ஆகாய விமானத்தின் ஜெட் இன்ஜினும் இதே முறைதான்! வெளியே போகும் வாயுவிலும் நிறையச் சூடு மிச்சம் இருக்கும். அதைக் கொண்டு நீராவி எடுத்து இன்னொரு டர்பைனை ஓட்டினால், அதே எரிபொருளுக்குக் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை என்று முதலில் பார்த்தோமே, அதுபோலத்தான் இதுவும்.

நம் மாநிலத்தில் சென்னை பேசின்பிரிட்ஜிலும், ராமநாதபுரம் மாவட்டம் வழுதூரிலும் எரிவாயு டர்பைன் நிலையங்கள் அமைக்கப்பட்டன. ராமநாதபுரம் என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? ஆமாம், முத்திருளப்ப பிள்ளை!

அத்தனை சூட்டில் இதழ்கள் உருகாமல் இருக்க என்ன உலோகம் வேண்டும்? இதழுக்குள் காற்றை விட்டு எப்படிக் குளிர வைப்பது? எரிபொருளைக் குறைத்து மின்சாரத்தைக் கூட்டுவது எப்படி? பொறியியல் பட்டம் முடித்த பிறகு, முதுகலைப் படிப்பில் டர்பைனையும் மின்னாற்றலையும் பாடமாக எடுப்பவர்கள் இந்தக் கேள்விகளைத்தான் ஆராய்கிறார்கள். பள்ளியில் நாம் படிக்கும் கணக்குக்கு விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். மேற்படிப்பில் அந்தக் கடைசிப் பக்கமே இருக்காது! விடையை நாமே தேடி எழுத வேண்டும்.

பென்னிகுயிக் பெரியாற்றின் முன்னால் நின்றபோதும் அப்படித்தான். முன்னால் வந்தவர்கள் முடியாது என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதியதையும் படித்தார். மலையையும் படித்தார். பிறகு தம் விடையை எழுதினார்.

உங்கள் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்ட மக்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013-ல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அவருடைய பிறந்தநாள் தைப் பொங்கலை ஒட்டி வருகிறது அல்லவா? பாலார்பட்டி போன்ற ஊர்களில் மக்கள் அவரை நினைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் நன்றி சொல்ல இன்னொரு வழியும் இருக்கிறது. முத்திருளப்ப பிள்ளை கனவு கண்டார். பென்னிகுயிக் தண்ணீரைத் திருப்பினார். அடுத்து வந்தவர்கள் அதில் டர்பைன் வைத்தார்கள். இது ஒரு தொடர் ஓட்டம். கோலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் வாங்கி ஓட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு மின்சாரத் தேவை கூடுகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் அந்தக் குழாய்களில் தண்ணீர் குறைகிறது, மின்சாரமும் குறைகிறது. காற்றை மாசாக்காமல், தண்ணீரை வீணாக்காமல் மின்சாரம் எடுக்கும் வழியை இன்னும் நன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

போடியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி, ஐ.ஐ.டி. எல்லாம் இருக்கின்றன. கணக்கும் அறிவியலும் இன்று கசந்தாலும் விட்டுவிடாதீர்கள். முதல் வெள்ளத்தில் தற்காலிக அணை போனபோது பென்னிகுயிக் ஊருக்குத் திரும்பியிருந்தால், நம் வயல்களுக்குத் தண்ணீர் வந்திருக்குமா?

அடுத்த முறை குமுளிப் பேருந்தில் போகும்போது அந்தக் குழாய்களைப் பாருங்கள். ஓட்டத்தில் அடுத்த கோல் யார் கைக்கு வரப்போகிறது என்று யோசியுங்கள். உங்கள் கைக்கும் வரலாம், செல்வங்களே!

கணக்குப் போடலாமா?

ஒரு மலையிலிருந்து ஒவ்வொரு வினாடியும் 10 கன மீட்டர் தண்ணீர், 300 மீட்டர் உயரம் விழுகிறது. அதில் உள்ள சக்தி எவ்வளவு? மேலே சொன்ன 981 கிலோவாட் கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

விடை: 981 × 10 × 3 = 29,430 கிலோவாட். அதாவது, ஏறக்குறைய 29 மெகாவாட். குழாயிலும் இயந்திரத்திலும் கொஞ்சம் இழப்பு இருக்கும். அந்த இழப்பைக் குறைப்பதுதான் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம்!